எங்கள் ஊரின் இரண்டு உப்புகள்

எங்கள் ஊரில் உப்பு என்றால் இரண்டு. ஒன்று பாத்தியில் விளைவது. லாரியில் ஏறி ஊர் ஊராகப் போவது. இன்னொன்று கடையில் மூட்டையாக வாங்கி வயலில் இறைப்பது. வெளியூர்க்காரர்கள் இதை யூரியா என்பார்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. "நேத்து ரெண்டு மூட்டை உப்பு போட்டேன்" என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் உழவரா உப்பளத்துக்காரரா என்று பார்த்து அர்த்தம் செய்துகொள்வோம். இத்தனை காலமாக இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னபோதுதான் வந்தது, ஏனென்றால் மைக்குக்கு முகம் கிடையாது.

மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளங்களுக்கு மேற்கே எங்களுக்கு ஒரு காணி நிலம். வானூரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குக் கோப்புகள் இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் தலைகள், கல்யாணத்துக்குப் போனால் பந்தி இலைகள். எண்ணிக்கை சரியாக இருந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் வேறு ஏதாவது கவலை வந்துவிடும். அதனால்தானோ என்னவோ, எங்கள் வாய்க்கால் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

வாய்க்காலை நாங்கள் காவா என்போம். காவா எங்கள் வயல்களின் வடிநீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கிழக்கே போகும். ஒரு மதகைத் தாண்டி, உப்பளங்களை ஒட்டிச் சென்று கழிமுகத்தில், எங்கள் பேச்சில் கழியில், விழும். அந்த மதகின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதி மேலே, பாதி கீழே என்று நின்றுவிட்டது. கடலில் ஓதம் ஏறும் நாட்களில் உவர்நீர் காவாயில் எதிர்த்து ஏறி வரும். கடைசியில் இருக்கும் வயல் எங்களுடையது. முதலில் நனைவதும் அதுதான். கீழ்ப்பகுதியில் கால் காணி பயிர் கருகுவதை மூன்று போகமாகப் பார்த்துவிட்டேன். புது ஷட்டர் வேண்டும் என்று நான் ஏறாத அலுவலகப் படி இல்லை.

போன வருஷம் தை மாதம் அந்தப் படியே இறங்கி வந்தது. வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் இளம் பெண் அலுவலர் ஸ்கூட்டியில் வந்து சிறுபாலத்தின் மேல் நின்று காவாயை எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. பச்சைப் பாய் விரித்தது போல் பாசி.

"சார், இது நீங்க போடற உரம்தான். பயிர் எடுத்துக்கிட்டது போக மீதி இங்க வந்துடுது. பாசி அதைச் சாப்பிட்டு வளருது. இதை நிறுத்த ஒரு திட்டம் வந்திருக்கு."

திட்டம் எளிமையானது. காவாயை ஒட்டிய ஒவ்வொரு வயலிலும் பத்து அடி அகலத்துக்குப் புல் விட வேண்டும். அந்த அகலத்தில் உரமே கூடாது. மற்ற இடத்திலும் ஒரேயடியாகக் கொட்டாமல், இலையின் நிறம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வயலிலிருந்து வழியும் சத்தைப் புல் பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு அரசு எங்களுக்கு மதகு ஷட்டரைப் புதிதாகப் போட்டுக்கொடுக்கும்.

"ஒரே ஒரு கண்டிஷன். காவாயை ஒட்டி நிலம் உள்ள எல்லாரும் ஒத்துக்கணும். முளைக்குச்சி அடிச்ச இடத்துல எல்லாரும் சேர்ந்து நிக்கணும். நான் ஆப்ல போட்டோ எடுத்து ஏத்தணும். ஒருத்தர் குறைஞ்சாலும் ஆப் எடுத்துக்காது."

பதினேழு பேர். அன்று மாலைக்குள் பதினாறு பேரிடம் சரி வாங்கிவிட்டேன். பதினேழாவது ஆள் என் வீட்டிலேயே இருந்தார்.

"பத்தடியா? யாரு நெலத்துல?" என்றாள் என் மனைவி.

"நம்ம நிலத்துலதான்."

"நம்ம நெலம் எங்க இருக்குது? பத்திரத்துல எம்பேர்தான் இருக்குது. எங்கப்பா குடுத்தது. உங்களுக்கு இன்னா வேணும்னாலும் உங்க நெலத்துல செய்யுங்க."

எனக்கு நிலம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

பத்தடிகூட அவளுக்குப் பெரிதில்லை என்பது அப்புறம் பேசும்போது தெரிந்தது. உப்பைக் குறைப்பதுதான் உறுத்தல். எங்கள் பக்கம் பயிர் கருகருவென்று இருக்க வேண்டும். ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். பக்கத்து வயல் நம்முடையதைவிடக் கறுத்திருந்தால் இன்னும் அரை மூட்டை. அவன் அதைப் பார்த்து இன்னும் அரை மூட்டை. நெல்லுக்கு வேண்டுமா வேண்டாமா என்று நெல்லை யாரும் கேட்பதில்லை. கறுத்த பயிர் கடைசியில் சாய்ந்தாலும், பூச்சி விழுந்தாலும் கெட்ட பேர் இல்லை. வெளுத்த பயிருக்குத்தான் கெட்ட பேர்.

"எங்கண்ணன் வானூர்லேர்ந்து வண்டில வரும்போது மொதல்ல வயலத்தான் பாக்கும். 'ஏம்மா, பயிருக்கு மஞ்சகாமாலையா? உப்பு வாங்கக்கூட உங்கூட்டுக்காரருக்கு வக்கில்லையா'ன்னு கேக்கும். அப்ப நீங்க பதில் சொல்லுவீங்களா?"

அலுவலர் கொடுத்த இலை வண்ண அட்டையை எடுத்துக் காட்டினேன். வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டைகள். இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுப் பச்சைக்குக் கீழே போனால்தான் உரம் போட வேண்டும் என்று விளக்கினேன். அவள் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இந்த நாலாவது பச்சை நல்லாருக்குது. பொடவ எடுக்கும்போது எடுத்துட்டுப் போலாம்."

ஷட்டரைப் பற்றிச் சொன்னேன். கீழ் வயல் கருகுவதைச் சொன்னேன். "கருகினா ஊரே பரிதாபப்படுது. வெளுத்தா ஊரே சிரிக்குது" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெளிவாக இருந்தது. புகைப்படத்துக்கு அலுவலர் ஒரு புதன்கிழமையைக் குறித்திருந்தார். நான் தூக்கமில்லாமல் பதினாறையும் ஒன்றையும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அறிவிப்பு செய்ய ஆட்டோ வந்தது. என்ன சொல்வது என்பதில் எனக்கும் சங்கச் செயலாளருக்கும் சின்ன வாக்குவாதம். செயலாளர் என் பக்கத்து வயல்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார். நான் எழுதிக்கொண்டு போனது: "வாய்க்காலின் இரு கரைகளிலும் பத்து அடி தூரத்துக்குள் தழைச்சத்து மிகுந்த இரசாயன உரங்களைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

"அண்ணே, இத படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டோ அனுமந்தை போயிடும்" என்றார் செயலாளர். போனை வாயருகே வைத்துத் தன் குரலிலேயே பதிவு செய்துவிட்டார்: "காவா ஓரம் பத்தடிக்குள்ள இனிமே யாரும் உப்பு போடக் கூடாது. மீறி போட்டா அரசு சலுகை கெடைக்காது. நாளைக்கு காலைல எட்டு மணிக்கு சிறுபாலத்துகிட்ட எல்லாரும் வந்துடணும்."

சுருக்கமாகத்தான் இருந்தது. நான் ஆட்டோக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், அதுவும் கவலையில்: "ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாதுப்பா. காவா ஓரமாவே கடைசி வரைக்கும் போய்ச் சொல்லிடு."

அவர் நேர்மையான ஆள். கடைசி வரைக்கும் போனார். காவாயின் கடைசி உப்பளம்.

புதன்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலிகள் இருபது இறக்கியிருந்தேன். பதினேழு பேர், அலுவலர், உபரி இரண்டு. டீயும் அந்தக் கணக்கில்தான். எட்டு மணிக்குக் கிழக்கே காவாக்கரையில் ஒரு கூட்டம் வருவது தெரிந்தது. முதலில் சாவு ஊர்வலமோ என்று நினைத்தேன். கிட்ட வந்ததும் தோளில் உப்பு வாரும் பலகைகள் தெரிந்தன. இருபத்து மூன்று பேர். பெண்கள் அதிகம். முன்னால் வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்; கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, தலையில் சும்மாடு துண்டு. சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்.

"யாருங்க இங்க தலைவரு?"

செயலாளர் என்னைக் கை காட்டிவிட்டு நாற்காலிகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார்.

"காவா ஓரம் உப்பு போடக் கூடாதுன்னு மைக் வெச்சு சொன்னீங்களாமே. நாங்க காவா ஓரந்தான் போடுவோம். லாரி அங்கதான வருது? வேற எங்க போடறது? உங்கூட்டு மொட்ட மாடில கொண்டாந்து கொட்டட்டுமா?"

"இல்லம்மா, அது வந்து, நாங்க சொன்னது தழைச்சத்து..."

"தழையோ இலையோ. உப்புன்னுதான மைக்ல வந்துது? என் காதுல மெழுகா ஊத்தியிருக்குது?"

பின்னாலிருந்து ஒரு வயதான மனிதர் மெதுவாகக் கேட்டார். "சலுகை கெடைக்காதாமே. இதுவரைக்கும் இன்னா சலுகை கெடைச்சுதுன்னு ஒரு தபா சொல்லிட்டு அப்புறமா நிறுத்துங்கப்பா."

உப்பளத்துக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். நான் நைட்ரஜனிலிருந்து ஆரம்பித்து இன்னொரு முறை விளக்கினேன். கூட்டம் மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல் பொறுமையாக நின்றது, ஆனால் கேட்கவில்லை. கடைசியில் செயலாளர்தான் தன் வரப்பில் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு கை யூரியாவை அள்ளி வந்து அந்தப் பெண் முன்னால் விரித்தார்.

"யக்கா, நாங்க சொன்ன உப்பு இது."

அவர் குனிந்து பார்த்தார். "இதுவா? ஜவ்வரிசி மாதிரி இருக்குது. இதுக்கு உப்புன்னு பேரு வெச்சது யாரு?"

"எங்க தாத்தா."

"உங்க தாத்தா எங்க பாத்திய பாத்ததே இல்லியா?"

அவ்வளவுதான். பலகைகள் தோளிலிருந்து இறங்கின. வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் தரையிலும். டீ அரை கிளாஸ் அரை கிளாஸாக ஊற்றச் சொன்னேன். இவர்கள் எழுந்து போனால் புகைப்படம் எடுக்கலாம் என்று காத்திருந்தேன். போகவில்லை. என் மனைவியும் வரவில்லை. பதினாறு பேர் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அலுவலர் இதற்குள் தன் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எங்கள் காவா மதகோடு முடிந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "மதகுக்குக் கீழே தண்ணி எப்படிம்மா இருக்கு?"

"எங்கள யாரு கேக்கறா? ரெண்டு வருஷமா கழில மோட்டார் போட்டா தண்ணி வரலம்மா, கஞ்சி வருது. பச்சையா, கொழகொழன்னு. தேக்கி வெச்சு காய விட்டா உப்பு கல்லு கட்ட மாட்டேங்குது. பொடிப்பொடியா, சாம்ப கலர்ல வருது. வியாபாரி வந்து தொட்டுப் பாத்துட்டு வெலய பாதியா கேக்கறான்."

"கடல்லயே கோளாறுன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றார் அந்த வயதானவர். "போன வருஷம் மாதாவுக்கு ஒரு மெழுவத்தி கூடவே ஏத்தினோம்."

அலுவலர் காவாயைக் காட்டினார். "கடல் இல்லைங்க. இந்தப் பாசி கழில இறங்கி உங்க தேக்கத்துக்கு வருது. அதோட வழவழப்புதான் உப்பைக் கல்லாக விடாம தடுக்குது. இவங்க வயல் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். இறால் பண்ணை இருக்கு, ஊர்ச் சாக்கடை இருக்கு. ஆனா இதுவும் ஒரு காரணம்."

அந்தப் பெண் செயலாளரின் கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை மணிகளைப் பார்த்தார். அப்புறம் எங்கள் பதினாறு பேரையும் பார்த்தார்.

"அப்ப உங்க உப்பு எங்க உப்ப தின்னுது."

இந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு வந்த காகிதங்களில் அதன் நோக்கம் ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. நான் இரண்டு முறை படித்தும் எதுவும் மனதில் நிற்கவில்லை. இது நின்றது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்தாள். ஒப்புக்கொண்டு வரவில்லை. அவசரத்தில் நான் பிரஷர் மாத்திரை போடாமல் வந்துவிட்டேன்; அதைக் கொடுக்க வந்தாள். காவாயின் அந்தப் பக்கமே நின்று, ஒரு பையனைக் கூப்பிடுவது போல் கையை ஆட்டி மாத்திரை அட்டையைக் காட்டினாள். வெள்ளை முளைக்குச்சிகளைப் பார்க்காதது போலப் பார்த்தாள்.

"தோ, ஊறுகா அம்மா!" என்றார் உப்பளத்துப் பெண்.

என் மனைவியின் முகம் மாறியது. எனக்கும் நினைவு வந்துவிட்டது. முந்தைய கோடையில் நாற்பது மாங்காய் வாங்கி ஆவக்காய் போட்டாள். ஒரே மாதத்தில் ஜாடி முழுவதும் பூஞ்சை. ஊறுகாய் விஷயத்தில் அவள் கை தப்பு செய்யாது என்பது எங்கள் உறவில் எல்லோரும் அறிந்தது. ஆகவே தப்பு உப்பில்தான். ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கே நடந்து போய், அதை விற்றவரைத் தேடிப் பிடித்து, லாரி ஏற்றுகிறவர்கள் முன்னால் திட்டிவிட்டு வந்தாள். திட்டு வாங்கியவர் இவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"உப்பா விக்கிற, சுடுகாட்டு சாம்பலான்னு கேட்டியேம்மா, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது" என்றாள் மனைவி. மறந்துவிட்டேன் என்று சொல்கிற ரகம் இல்லை அவள். "சாம்பலாத்தான இருந்துது?"

"ஆமா, சாம்பலாத்தான் இருந்துது. ஏன்னு இப்பத்தான் இந்தப் பொண்ணு சொல்லுது. அதோ கடைசி வயலு உன்னுதுதான? நீ போட்ட உப்பு என் பாத்திக்கு வந்துது. என் பாத்தி உப்பு உன் ஜாடிக்கு வந்துது. உன் ஊறுகாய நீயே கெடுத்துக்கினு என்னை வந்து வைஞ்சுட்டுப் போன."

சிறுபாலம் அதிர்ந்தது. செயலாளர் உட்கார்ந்தேவிட்டார். நான் சிரிக்கவில்லை, மாத்திரை அந்தக் கரையில் இருந்தது. மனைவி எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு பாலம் வழியாகச் சுற்றி வந்து, மாத்திரையை என் கையில் வைத்துவிட்டு, அலுவலரிடம் போனாள்.

"பத்தடி விடறேன். அந்த அட்டைல சொல்ற மாதிரியே உப்பு போடறேன். ஆனா ரோட்டோரம் ஒரு போர்டு வெக்கணும். நாங்களா வேணும்னுதான் கொறைச்சு போட்டிருக்கறோம்னு ரோட்டுல போறவனுக்குத் தெரியணும். போர்டு இல்லன்னா நான் போட்டோல நிக்க மாட்டேன்."

சொல்லி முடித்ததும் எங்கள் பதினாறு பேரில் ஏழெட்டுத் தலைகள் ஆடியதைக் கவனித்தேன். என்னிடம் உடனே சரி சொன்னவர்கள்தான். அவர்களுக்கும் ஆளுக்கொரு மைத்துனன் இருந்திருக்கிறான்.

திட்டத்தில் விளம்பரப் பலகைக்கு இடமிருந்தது. சிறுபாலத்தில் வைப்பதாக இருந்ததை வயலோரம் வைக்க அலுவலர் ஒப்புக்கொண்டார். 'ஊட்டச்சத்து வடிதல் தடுப்புப் பட்டை' என்று எழுதலாமா என்று கேட்டார்.

"எங்கண்ணன் வண்டி அவ்ளோ நேரம் நிக்காது" என்றாள் மனைவி.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் தேறியது உப்பளத்துப் பெண் பாதியும் என் மனைவி பாதியுமாகச் சொன்னது: 'பயிர் நலம். உப்பு அளவோடு.' நான் உரம் என்று மாற்றச் சொல்லிப் பார்த்தேன். உரம் என்றால் யாருக்குப் புரியும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

நிலம் இல்லாத நான் விலகிக்கொள்ள, மற்றவர்கள் புகைப்படத்துக்கு நின்றார்கள். எண்ணினேன். பதினேழு. மூன்று முறை எண்ணினேன். உப்பளத்துக்காரர்கள் பின்னால் வரிசையாகப் பலகைகளோடு வந்து நின்றார்கள். அவர்கள் கொஞ்சம் விலகினால் நல்லது, ஆப் குழம்பிவிடும் என்றார் அலுவலர். "மைக் வெச்சு எங்களத்தான கூப்டீங்க" என்று சொல்லிவிட்டார் அந்தப் பெண். நாற்பது தலைகளோடு எடுத்த படத்தை ஆப் முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டது. எனக்குத்தான் அதற்குப் பிறகு இரண்டு நாள் கவலை.

பலகை ஒரு மாதத்தில் வந்தது. ஷட்டர் ஆடியில் வந்தது. இப்போது ஓதம் ஏறினால் மதகுக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. அதற்கு முன்பே, பங்குனியில், என் மைத்துனர் வந்தார். வண்டியை நிறுத்தி, இறங்கி, பலகையைப் படித்து, வயலைப் பார்த்து, மறுபடியும் பலகையைப் படித்தார்.

"ஏம்மா, 'உப்பு அளவோடு'ன்னு எழுதியிருக்குது. ஓட்டல் கீட்டல் தொறந்திருக்கீங்களா?"

"ஆமாண்ணா" என்றாள் தங்கை. "ஊறுகா ரெடியானதும் சொல்லி அனுப்பறேன்."

அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன் என்று தோன்றியது.

கழியின் தண்ணீர் தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. நான் எண்ணியவரை அதில் விழும் காவாய்கள் ஆறு. புல் விட்டிருப்பது ஒன்று. இந்தக் கோடையில் உப்பளத்துப் பெண் கொடுத்தனுப்பிய உப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பழைய சாம்பல் நிறம் இல்லை, ஆனால் வெள்ளை என்றும் சொல்ல முடியாது. இலைக்கு அட்டை கொடுத்தவர்கள் உப்புக்கும் ஓர் அட்டை கொடுத்திருக்கலாம். மனைவி விரலில் தேய்த்துப் பார்த்தாள். நாற்பதுக்குப் பதில் இருபது மாங்காய் வாங்கிவரச் சொன்னாள்.

ஜாடி சமையலறை அலமாரியில் இருக்கிறது. நான் தினமும் காலையில் துணியை அவிழ்த்து, மேலே மிதக்கும் எண்ணெயில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். நேற்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

"மூடுங்க. காத்து உள்ள போயே கெட்டுடும். அப்புறம் நான் யாரப் போயி திட்டறது?"

துணியைக் கட்டி வைத்துவிட்டேன்.